தட்டுக்காரர் அளந்த தண்ணீர்

ஊரில் அவரைத் தட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது. பட்டம் வந்தது ஒரு தகரத் தட்டால். கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசிய அந்தத் தட்டை, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி ஏரியில் இறக்குவார். எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, அத்தனை அடி அந்த வாரத் தண்ணீரின் தெளிவு. பதினொரு வருடமாக, ஒரு ஞாயிறு விடாமல், ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் நோட்டில் அதை எழுதிவந்தார். காய்ச்சலோடு போய் அளந்த வாரங்களும் உண்டு. வீட்டுக்காரி திட்டியது காதில் ஏறினால்தானே!

சங்கத்துக்குச் செயலாளர் அவருடைய கொழுந்தியாள். ஏரிக்கரையை ஒட்டிய கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். ஏரி என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுகிற ரகம்.

ஏரி சின்னது அல்ல. இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் கேட்காது. விடுமுறை நாளில் நீந்துகிறவர்கள், பெடல் படகுக்காரர்கள், தூண்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் என்று ஊரே அங்கேதான் கிடக்கும். முதல் வருடம் தட்டுக்காரர் நடு ஏரியில்தான் அளந்தார். ஏழு அடி வந்தது. பக்கத்து ஊர் ஏரியில் ஒன்பது அடி என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வடக்கு மூலைக்குப் படகை விட்டார். அங்கே அடியில் ஊற்று இருக்கிறது, தண்ணீர் பளிங்குபோல இருக்கும். பதினாலு அடி! பேப்பரில் இவர் படமும் வந்தது. அப்புறம் அந்த மூலையை விட்டு அவர் நகரவே இல்லை. நோட்டில் இடம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ‘ஏரி’ என்று எழுதிவைத்தார். பொய் என்று சொல்ல முடியுமா?

தெற்கு வளைவில்தான் சாக்கடைகள் வந்து சேர்ந்தன. அங்கே தண்ணீர் பச்சையாகித் திரண்டு நாறியது. அவர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். புண் வந்த காலைப் போர்வைக்குள் மறைத்துவிட்டு, நல்ல காலை டாக்டரிடம் நீட்டினால் வைத்தியம் எப்படி நடக்கும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் காக்கை அதை நோட்டுப் போட்டு எழுதுவதில்லை.

அதே தெற்கு வளைவில் இருநூறு அறை ஓட்டல் ஒன்று வரப்போவதாகவும், அதன் கழிவு ஏரியில்தான் விழும் என்றும் தெரிந்தது. கொழுந்தியாள் வீடுவீடாக ஏறி நாலாயிரம் கையெழுத்து வாங்கினாள். நகராட்சி மண்டபத்தில் விசாரணை நடந்தது. ஏரி ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறது, இன்னும் ஒரு குழாயைத் தாங்காது என்று அவள் பேசியபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஓட்டல் தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் சங்கத்து நோட்டின் நகல்.

“இவங்க நோட்டே சொல்லுது, பத்து வருஷத்துக்கு மேல பதினாலு அடி தெளிவு. அரை அடிகூடக் குறையல. இதுல எங்கேருந்து வந்துச்சு மூச்சுத் திணறல்?”

“அளந்தது யாரு?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

தட்டுக்காரர் எழுந்தார்.

“இதெல்லாம் சரியான அளவுதானா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வடக்கு மூலை என்ற இரண்டே வார்த்தை போதும். ஊரே திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொரு வருடப் பெருமை குறுக்கே வந்து நின்றது.

“ஒரு முடிச்சு தப்பு இருக்காது சார்.”

வக்கீல் அவருக்கு நன்றி சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை ஏரியையும் சேர்த்துக் கெடுத்தது.

ஓட்டலுக்கு அனுமதி வந்தது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. கொழுந்தியாள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவர் தினமும் காத்திருந்தார். கேட்காதவளிடம் எப்படிப் போய்ச் சொல்வது? முப்பதாவது நாள் மதியம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். காபி குடித்தார். எஞ்சின் விலை ஏறியதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்துவிட்டார்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் மறுபடி போய், உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினார்.

“தெரியும் மாமா,” என்றாள் அவள். “உங்க படகு எந்தப் பக்கம் போகுதுன்னு என் கடை வாசல்லேருந்தே தெரியும். பெருமைக்குத்தானேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு.”

“அப்போ நீயே கேட்டிருக்கலாமேம்மா?”

“நான் கேட்டு எழுதி வாங்கினா, ஊர் முன்னாடி உங்களைப் பொய்யராக்கினவ நானா ஆயிடுவேன். அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்களாவே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து வந்தீங்களே, அதைச் சொல்லத்தான் வந்தீங்கன்னு புரிஞ்சுது. நீங்க போனப்புறமும் ஆபீஸ் மூடற வரைக்கும் செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்லயே நின்னேன், திரும்பி வருவீங்கன்னு.”

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மேல்முறையீடு முழுக்கத் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பதினாலு அடி அளவெல்லாம் வடக்கு மூலையில் மட்டும் எடுத்தது என்று அவர் சொல்வதாகக் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. அதன்கீழ் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேதி போடும் இடத்தில் நிறுத்தினார்.

“நேத்துத் தேதி போட்டுட்டா கெடுவுக்குள்ள போட்டதா ஆயிடும்... யாருக்கும் தெரியாதேம்மா?”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

“வேண்டாம் மாமா. இதுலயாவது உள்ளதைப் போடுங்க.”

அவர் அன்றைய தேதியை எழுதினார்.