கதைய முடிச்சிடுவோம்

புதன்கிழமை பகல் லுஹர் தொழுதுவிட்டுத் தில்லையடிப் பள்ளிவாசலை விட்டு இறங்கும்போது போனில் அந்தச் செய்தி வந்தது. தெரியாத இலக்கம். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். “நாளைக்கு அஸருக்குப் பொறகு வாறோம். கதைய முடிச்சிடுவோம்.”

யாருடைய கதை என்று நான் யோசிக்கவேயில்லை. என்னுடையதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

என்னைப் பகைக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து ஒரு பையோடு துரத்தப்பட்டவன் நான். இங்கே அகதி முகாமில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டுதான் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினேன். முஸ்லிம்கள் எங்களைத் துரத்தியது அநியாயம் என்று புலிகளைப் பற்றி எழுதினேன். தமிழ் நண்பர்கள் இரண்டு பேர் கதைப்பதை விட்டார்கள். வன்னியில் செத்த சனத்துக்கு அரசாங்கம் பதில் சொல்லவேண்டும் என்று எழுதினேன், எங்கள் ஆட்களே “ஒனக்கு ஏன் இந்த வேல?” என்றார்கள். எங்கள் கலியாண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் பெண்களும் நீதவானாக வரவேண்டும் என்று எழுதியதற்குப் பள்ளி நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வரியையும் திருப்பி எடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வெள்ளிக்கிழமைக் கட்டுரை சஜீவனைப் பற்றியது. தலவில ஊர் மீனவன். கரைவலை இழுக்கும் கரையை ஹோட்டலுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஊர்வலம் போனவன். மூன்றாம் நாள் பாலாவிச் சந்தியில் அவனை வெள்ளை வேனில் வந்தவர்கள் இழுத்து ஏற்றியதை மூன்று பேர் கண்டார்கள். அவன் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிவிட்டான் என்று அதிகாரிகள் கோப்பை மூடிவிட்டார்கள். அவனைத் தேடித்தரக் கேட்டுத் திங்கட்கிழமை வழக்கு. கண்ட மூன்று பேரும் வாய் திறக்கப் பயப்பட்டார்கள்.

“பேப்பர்ல வந்தா அவங்களுக்கும் துணிவு வருமெண்டு லோயர் சொன்னவர். நீங்க எழுதுவீங்கதானே சேர்?” என்று அவன் மனைவி சுதர்சினி என் விறாந்தைக் கதிரையில் இருந்து கேட்டாள்.

“எழுதுவன் மகள்” என்றேன். எழுதியும் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தச் செய்தி.

வீட்டுக்கு வந்து கேற்றைப் பூட்டினேன். மனைவி நஃபீஸா திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலெல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது.

“இப்ப யாரு ஒன்ட்ட இதக் கழட்டச் சொன்ன?” என்று கத்தினேன்.

“என்ன புடிச்சிட்டு ஒங்களுக்கு?” என்றாள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் மகள் ஸஃப்னாவுக்கும் தெரிந்துவிடும். உப்பு ஏற்றிவந்த லொறி ஒன்று ஒழுங்கை முனையில் நின்றபோது அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். ஐம்பத்தெட்டு வயது மனிதன், சேர்ட்டுக்குள் வியர்வை ஓட. அப்படி நின்றுகொண்டே யார் அனுப்பியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். எல்லா முகமும் பொருந்தியது.

வியாழன் பகல் பதினொரு மணிக்கு பத்திரிகை ஆசிரியர் பீட அலுவலகத்திலிருந்து ஜவாஹிர் போன் எடுத்தார். “சேர், பக்கத்த மூடப்போறோம். கட்டுரைய அப்படியே விடவா?”

“நிப்பாட்டுங்க” என்றேன்.

“என்ன சேர்?”

“போடவேணாம். பழசு ஏதாவது இருந்தாப் போடுங்க.”

அவர் காரணம் கேட்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. ஆனாலும், அல்லாஹ் அறிய, போனை வைத்ததும் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

பின்னேரம் அஸர் பாங்கு முடிந்து சற்றுநேரத்தில் கேற்றடியில் வேன் ஒன்று வந்து நின்றது. வெள்ளைதான். ஸஃப்னாவைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கேற்றைத் தட்டினார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாஸ்டர்!”

பூட்டைத் திறந்தேன். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். பக்கத்தில் இரண்டு பெண்கள், கையில் வட்டிலப்பத் தட்டு.

நஃபீஸா முந்தானையால் கை துடைத்தபடி ஓடிவந்தாள். “ஞாயித்துக்கிழமதானே வாறெண்டு சொன்னாங்க! கற்பிட்டி அலியார் ஹாஜியாரும் ஆக்களும். ஸஃப்னாட கலியாணக் கதைக்கு” என்று என் காதுக்குள் சொன்னாள்.

“மெசேஜ் ஒண்டு போட்டனே மாஸ்டர், கெடைக்கல்லயா?” என்றார் ஹாஜியார். “ஞாயிறு வர ஏலாது, இண்டைக்கே கதைய முடிச்சிடுவோமெண்டு.”

கதிரையில் இருந்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சீதனம் ஒண்டும் வேணாம் மாஸ்டர். பயப்படாம எழுதுற மனுசன்ட வீட்டுல பொண்ணெடுக்கணுமெண்டு மகன் ஹிஷாம் ஒத்தக்கால்ல நிக்கிறான். தலவிலப் பொடியன்ட விஷயம் நாளைக்கு வருதாமே? அவன்ட பொஞ்சாதிப் புள்ள எங்கட மீன்வாடியிலதான் கருவாடு காயப்போடுற. எல்லார்ட்டயும் சொல்லித் திரியிது.”

எழுந்து பின்பக்கம் போய் ஜவாஹிருக்கு எடுத்தேன். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

வெள்ளி காலை ஏழு மணிக்குச் சுதர்சினியின் அழைப்பு வந்தது.

“சேர், பேப்பர ரெண்டு தரம் பிரட்டிப் பாத்தன். காணல்ல.” அவள் குரல் இறங்கியது. “உங்களையும் வெருட்டினவங்களா சேர்? உண்மையச் சொல்லுங்க. நான் கோவிக்கமாட்டன்.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எனக்காகவும் சேர்த்து புனித அந்தோனியாரிடம் மன்றாடியிருப்பாள்.

“இல்ல மகள். ஒருத்தரும் வெருட்டல்ல.”

போனுக்குள் கடல் இரைந்தது.

“அப்ப ஏன் சேர் போடல்ல?”