கிளிப் போட்ட பூக்கள்

1.

இந்தக் கதை ஒரு முடிக் கிளிப்பிலிருந்து பிறந்தது. மேசை இழுப்பறையில் வேறெதையோ தேடியபோது கிடைத்தது. அதன் பற்களுக்கிடையே ஒரு கூம்புப்பூவின் விதை இன்னும் சிக்கியிருக்கிறது.

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: "அக்காவின் தோட்டத்தில் ஊதா இதழ்கள் தென்றலில்..."

(வேண்டாம். என் கதைகளில் தென்றல் ஏற்கெனவே தேவைக்கு மேல் வீசிவிட்டது.)

2.

கூம்புப்பூவின் இதழ்கள் பாவாடைபோல் கீழ்நோக்கித் தொங்கும். கோடை முழுக்கத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மொய்க்கும். இதழ் உதிர்ந்து, நடுவிலுள்ள விதைக்கூம்பு கறுத்தபிறகும் அக்கா வெட்டமாட்டாள். குளிர்காலத்தில் குருவிகளுக்கு அந்த விதைதான் சாப்பாடு.

அத்தான் சலூன் வைத்திருந்தார். கலைந்து கிடக்கும் எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது.

ஒரு வருடம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். (என்ன சண்டை? மூன்று காரணங்கள் எழுதி அடித்துவிட்டேன். "எதையும் அது போக்குல விடமாட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.) பிறகு ஒருநாள், துணிமணி எடுக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள். திரும்பி வருவாளா, அங்கேயே தங்குவாளா, அவளுக்கே தெரியவில்லை.

அவள் வருகிறாள் என்றதும் அத்தான் தோட்டத்தை அழகுபடுத்தினார். ஒரு கூம்பு விடாமல் கத்தரித்தார்.

3.

சனிக்கிழமை போன் வந்தது.

"குருவிங்க வெறுங்காம்புல உக்காந்து என்னையே பாக்குதும்மா."

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க அத்தான்!"

"நல்லாத்தான் வெட்டினேன். எல்லாம் ஒரே அளவு."

"அக்கா வந்து உங்களுக்கு அளவெடுப்பா, இருங்க!"

மறுநாள் அக்காவோடு நானும் போனேன். குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிய கூம்புகளையெல்லாம் பழையபடி காம்புகளோடு சேர்த்து, சலூன் கிளிப்பால் பிடித்து வைத்திருந்தார். பச்சை, மஞ்சள், ரோஸ். சில சாய்ந்து, சில தலைகீழாக.

"என்னங்க இது கூத்து?" என்றாள் அக்கா.

"ஒட்டிப் பாத்தேன். நிக்கல."

"வெட்டினதைத் திரும்ப வைக்கிற சலூன்காரர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அத்தான் சிரிக்கவில்லை. "இனிமே தொடமாட்டேன்," என்றார்.

ஒரு குருவி வந்து ரோஸ் கிளிப்பின்மேல் உட்கார்ந்து கொத்தத் தொடங்கியது. கூம்பு ஆடியது; விழவில்லை. பக்கத்தில் சாய்ந்திருந்த கூம்பை நோக்கி அக்கா கை நீட்டினாள்.

4.

ஒரு முடிவில் அக்கா கைப்பையைக் கீழே வைக்கிறாள். என் வாசகிகளுக்கு அதுதான் பிடிக்கும். இன்னொன்றில் அவள் புடவைகளை எடுக்க, அத்தான் மடித்துத் தருகிறார், எல்லாம் ஒரே அளவாக. (இதை எழுதிவிட்டு நானே அழுதேன்.)

இருவரும் இன்று இல்லை. அந்தத் தோட்டத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

எழுதுகிறவளுக்கும் கத்தரி பிடித்த கைதான். இந்த ஒரு முறை வெட்டாமல் விடுகிறேன். அக்காவின் கை நீட்டியபடியே இருக்கட்டும். குருவி இன்னும் தின்று முடிக்கவில்லை. நீங்களும் கொஞ்சம் சத்தமில்லாமல் நில்லுங்கள்.