குமிழ் இருந்த இடம்

டெல்மர் வீட்டைச் சூடாக்கும் உலையோடு ஈரப்பெட்டியை இணைத்துக் கொடுத்தவன் வெர்லின்தான். யாரும் அவனைக் கெஞ்சவில்லை, தானாகத்தான் போய் நின்றான். வடக்கு டகோட்டாவின் குளிர்காலக் காற்றில் ஈரம் பேருக்குக்கூட இருக்காது. வீட்டுக்குள் உலை ஓட ஓட இன்னும் காயும். டெல்மரின் மனைவி லவானுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது, பியானோப் பலகை விரிசல் விட்டது. ஆள் வைத்துச் செய்துகொள்ளலாமே என்றாள் லவான். நான் எதற்கு இருக்கிறேன் என்றான் வெர்லின். சொந்தக் கையால் உலையைத் திறக்கத் தெரியாதவனை அந்த ஊரில் ஓர் ஆளாக மதிக்கமாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

வெர்லின் தனிக்கட்டை, சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு பயிரிடுகிறவன். டெல்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உறைந்த ஏரியில் ஒரே துளையில் தூண்டில் போடுவார்கள், தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார்கள்.

ஈரப்பெட்டி ஒன்றும் பெரிய அதிசயமில்லை. நிலவறையில் உலையை ஒட்டிய தகரக் குழாயில் ஓட்டை வெட்டிப் பொருத்தவேண்டும். வால்வு திறந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திண்டில் தண்ணீர் சொட்டும், உலையின் காற்று அந்த ஈரத்தை வீடெங்கும் கொண்டுபோகும். வால்வுக்கான மின்சாரம் பக்கத்தில் ஒரு குமிழ் வழியாக வரும், குமிழைக் கடைசி வரைக்கும் இறக்கினால் வால்வு மூடிவிடும். வெளியே குளிர் ஏற ஏறக் குமிழை இறக்கவேண்டும். இறக்காவிட்டால் ஈரமெல்லாம் ஜன்னலில் போய் ஐஸாகப் பிடிக்கும், உருகிச் சட்டத்தை அழுகவைக்கும். இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒயர்களை இணைத்தபின் வால்வு திறக்கவில்லை. கோளாறு வால்விலா குமிழிலா என்று பார்க்க, மின்சாரம் குமிழைத் தொடாமல் நேரே வால்வுக்குப் போகும்படி, குமிழுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பாதி வழியில் ஒன்றோடொன்று முறுக்கி, பிளாஸ்டிக் தொப்பியைத் திருகினான் வெர்லின். வால்வு டக்கென்று திறந்தது. ஆக, குமிழில்தான் கோளாறு. அங்கே ஒரு திருகு தளர்ந்திருந்தது, இறுக்கினான். முறுக்கிய ஒயர்களைப் பிரிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லவான் மேலேயிருந்து காபிக்குக் கூப்பிட்டாள். முதல் தடவை வேண்டாம் என்பது அங்கே மரியாதை. இரண்டாம் தடவையும் சொல்லலாம். மூன்றாம் தடவையும் சொன்னால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அவன் மூன்றாம் தடவை எழுந்து போனான். எலுமிச்சைக் கேக்கும் வானிலையுமாகப் பேசி முடித்துக் கீழே வந்தபோது டெல்மர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். வெர்லின் பெட்டியின் மூடியைத் திருகிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்குப் போனது. ஜன்னலெல்லாம் ஐஸ் என்றான் டெல்மர். குமிழை இறக்கு என்றான் வெர்லின். கடைசி வரைக்கும் இறக்கியாச்சு என்றான் டெல்மர். நல்லாப் பார்த்தியா, பெட்டியில ஒரு தப்பும் இல்லையே என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு வந்தான் வெர்லின்.

அன்று மாலை தன் டிராக்டரில் அறுந்த ஒயரைச் சேர்த்துத் தொப்பியைத் திருகும்போது அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரண்டு ஒயர்களும் இன்னும் முறுக்கியபடியே இருக்கின்றன. குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன, அது வெறும் பொம்மை.

உடனே போன் செய்திருக்கலாம். ஆனால் எப்போதோ ஏரியில் டிரக்கை மூழ்கவிட்ட ஒருவனை இன்றுவரை கேப்டன் என்று கூப்பிடுகிற ஊர் அது. தனக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று வெர்லின் யோசித்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை வந்து வந்து போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லவான் அவனைத் தனியாக அழைத்தாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நிலவறைப் படியில் அவள் இறங்குவதில்லை. குமிழைப் பார்ப்பது டெல்மர் மட்டும்தான்.

"தினமும் இறக்கிட்டேன்னுதான் சொல்றாரு வெர்லின். ஜன்னலைப் பார்த்தா அப்படித் தெரியல. அவங்க அப்பாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சேம்பாரு, எரிஞ்சிட்டிருக்கும்."

வெர்லின் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் பாதிரியார் கை குலுக்க வந்துவிட்டார். பழியை அவர்மேல் போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் அவர் நகர்ந்த பிறகும் அவன் வாய் திறக்கவில்லை.

மறுநாளே திண்டைப் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி நிலவறைக்குப் போனான். குமிழ் கடைசி வரைக்கும் இறங்கித்தான் இருந்தது. ஒயர்களைப் பிரித்துச் சரியாக இணைத்தான். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. கமுக்கமாக முடிந்தது என்று மேலே வந்தான். டெல்மரும் லவானும் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"குமிழ் எங்க இருந்துது?" என்று கேட்டாள் லவான்.

ஜன்னல் நாளைக்குத் தெளிந்துவிடும். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. வெர்லின் தன் காலுறையைப் பார்த்தபடி சொன்னான்.

"கொஞ்சம் ஏறியிருந்துது. இறக்கிட்டேன்."

டெல்மரின் முகம் வெளுத்ததை வெர்லின் பார்த்தான், பார்த்துவிட்டு டிரக்கில் ஏறினான். வழியெல்லாம் தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனான், ஆனால் திரும்பவில்லை.

இரண்டு நாளில் ஜன்னல் தெளிந்தது. அந்த வாரக் கடைசியில் ஊர்க் கடையில் காதில் விழுந்தது. டெல்மர் பஸ் ஓட்டுவதையே விட்டுவிடுகிறானாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவன், புத்தி தடுமாறினால் என்ன ஆவது என்று அவனே போய்ச் சொல்லிவிட்டானாம். வெர்லின் வாங்கிய சாமானை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான்.

டெல்மர் கதவைத் திறந்ததும் நின்றபடியே கொட்டினான். ஒயரைப் பிரிக்க மறந்தது நான்தான், குமிழ் வேலையே செய்யவில்லை, உன் புத்தியில் ஒரு குறையும் இல்லை. எப்போது தெரிந்தது என்பதை மட்டும் லாவகமாக விட்டுவிட்டான்.

டெல்மர் பொறுமையாகக் கேட்டான். பிறகு, தொட்டுப் பேசும் வழக்கமே இல்லாத அந்த மனிதன், வெர்லினின் தோளில் கை வைத்தான்.

"என் மனசுக்காக நீ வந்து இப்படி ஏதாவது சொல்லுவேன்னு லவான் நேத்தே சொன்னா. நல்லவன்ப்பா நீ."

இல்லை, நிஜமாகத்தான் என்றான் வெர்லின். லவான் அவனை வாசல் வரைக்கும் கூட்டி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருக்காரு. திரும்பக் கிளறாதீங்க, வெர்லின்."

சரி என்று தலையாட்டி பூட்ஸை மாட்டினான். சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்படி இருந்தது தெரிந்ததும் அவனுக்கே அவனைப் பார்க்கக் குமட்டியது. இருபது குழந்தைகளைப் பனிப்புயலில் பத்திரமாக வீடு சேர்க்கிற ஒருவனை மூலையில் உட்காரவைத்துவிட்டு, அப்பாடா.

பூட்ஸைக் கழற்றாமலே, லவான் துடைத்த தரையில் பனிச்சேறு ஒட்ட, உள்ளே போய் டெல்மரின் கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துப் போனான். உலை ஓடிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி இரண்டு ஒயர்களையும் பழையபடி முறுக்கினான். வால்வு டக்கென்று திறந்தது.

"இப்ப குமிழைத் திருப்பு."

டெல்மர் குமிழை ஏற்றினான், இறக்கினான், கடைசி வரைக்கும் இறக்கினான். தண்ணீர் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை ஏற்றி இறக்கினான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. சிரிக்கப்போகிறான் என்று நினைத்தான் வெர்லின். டெல்மர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ஏறியிருந்துதுன்னியே?"

"ஏறல. நீ வெச்ச இடத்துலதான் இருந்துது."

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ஜன்னல்ல ஐஸ்னு நீ சொன்ன அன்னைக்கே."

டெல்மர் குமிழிலிருந்து கையை எடுத்தான். திட்டியிருந்தால் வெர்லின் வாங்கிக்கொண்டிருப்பான், அடித்திருந்தாலும் நின்றிருப்பான். டெல்மர், ஒயரைப் பிரிச்சு வெச்சிட்டுப் போ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினான். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு லவானிடம் பேசும் டெல்மரின் தாழ்ந்த குரல்.

வெர்லின் ஒயர்களைப் பிரித்தான். இணைத்தான். மூடியைத் திருகினான். இனிச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அந்த நிலவறைக்கு வேறு வாசல் கிடையாது. சமையலறை வழியாகத்தான் போகவேண்டும்.