சன்னல் பக்கத்து மந்தம்

கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரில் போடும் புதுக் கண்ணாடி வால்வுகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைப் பெட்டியில் சொருகிக் காட்டினார். இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது.

"பாருங்க சார், இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. போன தடவை வாங்கிட்டுப் போனதும் இப்படித்தான் இருந்துச்சு. அதுல என்ன குறை?"

"சன்னல் பக்கத்து ஸ்பீக்கர் மந்தமா இருக்கு. ஆம்ப்ளிஃபயர்ல அந்தப் பக்கத்து வால்வுதான் சரியில்ல. இன்னும் பளிச்சுன்னு கேக்குற மாதிரி குடுங்க."

"இதுக்கு மேல பளிச்சுன்னா காதுல ஊசி ஏத்துன மாதிரி இருக்கும் சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காது என்ற சொல்லை எடுத்ததே பிடிக்கவில்லை. பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

என் பிழைப்பே காதில்தான். ஸ்டூடியோவில் பாட்டுக்கு ஒலி சமன் செய்கிறவன். போன மாதம் நான் முடித்துக் கொடுத்த பாட்டு ஒன்று திரும்பி வந்துவிட்டது. வலப்பக்கம் வயலின் கத்துகிறதாம். அன்றிலிருந்து காதை நம்பாமல் கருவியின் முள்ளைப் பார்த்துத்தான் வேலையை ஓட்டுகிறேன். ஸ்டூடியோவிலும் வலப்பக்கம் மந்தம், வீட்டிலும் சன்னல் இருக்கும் வலப்பக்கம் மந்தம். சொல்லி வைத்தாற்போல் இரண்டு இடத்திலும் ஒரே பக்கத்து வால்வா கெட்டுப்போகும் என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

என் மனைவிக்கு வால்வு என்றால் தண்ணீர்க் குழாயில் இருப்பது. ஆனாலும் வீட்டில் நான் வால்வை மாற்றும்போது பொறுமையாகக் கூட நின்று எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தக் கண்ணாடிக் குழாய்ங்களுக்குப் பேர் மட்டும்தான் வைக்கல நீங்க" என்றாள்.

புது வால்வுகளைப் போட்டுப் பாட்டை ஓடவிட்டேன். சன்னல் பக்கம் அதே மந்தம்.

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. சூடு ஆறும்வரை காத்திருந்து மாற்றிப் போட்டோம். சன்னல் பக்கம்தான் மந்தம். ஒயர்களை மாற்றினோம். சன்னல் பக்கம்தான். கடைசியில் ஸ்பீக்கர்களையே ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கி, இதை அங்கும் அதை இங்குமாக வைத்தோம். அப்போதும் சன்னல் பக்கம்தான்.

அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாத்தையும் மாத்தியாச்சு. பாக்கி நீங்கதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

"முதுகைக் காட்டிக்கிட்டு யாராவது பாட்டுக் கேப்பாங்களா? விஷயம் தெரியாம பேசாத!"

தேவைக்கு மேல் கத்திவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். நாற்காலியைத் திருப்ப வேண்டும் என்பது முதல் ஜோடி வாங்கியபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டாவது ஜோடிக்கும் மூன்றாவது ஜோடிக்கும் ஓடினேன்.

அவளே நாற்காலியைப் பிடித்துத் திருப்பினாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது.

இவ்வளவு நேரம் நன்றாகக் கேட்ட கதவுப் பக்கம் இப்போது பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. என்னை நாயாய் அலையவைத்த சன்னல் பக்கம் கணீரென்று பாடியது.

"எப்படிங்க இருக்கு?"

"சன்னல் பக்கம்தான் இன்னும் மந்தம்" என்றேன். "வேற வால்வு பாக்கணும்."

அவள் பாட்டை நிறுத்தினாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"கட்டில்ல நான் இடம் மாறிப் படுக்கிறேனே, எதுக்குன்னு தெரியுமா?"

"அந்தப் பக்கம் காத்து வரலைன்னு சொன்னியே."

"அந்தப் பக்கம் படுத்தா நான் பேசுறது உங்களுக்குக் கேக்கலங்க. நானும் எத்தனை நாள்தான் செவுத்தோட பேசுறது? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

"ஸ்டூடியோல யாருக்கும் தெரியாது" என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் இருந்தது. "தெரிஞ்சா அவ்வளவுதான். நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஸ்டூடியோவில் கதவு என் வலப்பக்கம் இருக்கிறது. முதலாளி உள்ளேகூட வராமல், கதவில் சாய்ந்தபடி சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவர். கொஞ்ச நாளாக மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் இடது தோளில் கைவைத்துத்தான் பேசுகிறார். என்மேல் அன்பு கூடிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.