ஜெரால்டுக்கு ரன்னர்

ஜெரால்டின் இடது கால் உடைந்த மறுநாள் காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, அவன் மனைவி விக்டோரியா கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனியில் கைரேகை மெஷின்மேல் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் அவளை ஜெரால்ட் என்று ஏற்றுக்கொண்டது. அவனுடைய சேஃப்டி ஷூவில் பழந்துணி அடைத்துப் போட்டிருந்தாள். தலையில் அவன் ஹெல்மெட், கையில் அவன் கையுறை, கழுத்தில் அவன் போட்டோ போட்ட அட்டை. அடிபட்டவனுக்காக ஓட வருகிற ரன்னர் அவனைப்போலவே எல்லாம் மாட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது கிரிக்கெட் விதி. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் கால் உடைத்துக்கொண்டவனுக்கு வேறு எந்த விதி பொருந்தும்? இன்னும் பதினெட்டு நாள் லீவில்லாமல் போனால் அவன் பர்மனென்ட். ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து காண்ட்ராக்ட். ஏழு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஓடுவது அவள், ஆடுவது அவன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்தபடி ஜெரால்ட் வெறுங்காற்றில் கைகளை அசைப்பான். இங்கே பிரஸ் மெஷினில் தகடு பிசகாமல் வெட்டுப்படும். வெட்டிய தகடுகளைத் தட்டுகளில் தூக்கிக்கொண்டு அவள் ஓடுவாள். கட்டிலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுத்தான் தினமும் கிளம்புவாள். ஆட்டக்காரன் கோட்டைத் தாண்டினால் அவுட். பக்கத்து வீட்டு முத்தம்மா கஞ்சி கொண்டுவந்தாலும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் நீட்டினாள்.

பதினேழாவது நாள் ஆபீஸிலிருந்து வீரராகவன் வந்து நின்றார். வாரநாளில் வருகைப்பதிவு பார்ப்பவர், ஞாயிறுகளில் அம்பயர்.

"ரன்னரெல்லாம் ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலயே எடுத்துட்டாங்கம்மா. ஒன்டேல கிடையாது, எதுலயும் கிடையாது."

"அது இன்டர்நேஷனலுக்கு சார். லோக்கல் மேட்ச்ல இன்னும் கீதே."

"நம்ம சரக்கு கொரியா போவுது."

"சரக்குதான சார் போவுது. நாங்க இங்க பக்கத்துல ஆரம்பாக்கம் கூட தாண்டுனதில்ல."

வீரராகவன் வெகுநேரம் யோசித்தார். அவ்வளவு நேரமும் மெஷின் நின்றிருந்தது; மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒருவன் இரண்டு கைகளையும் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தான்.

"ஹெல்மெட் வாரு லூசா இருக்கு. மாட்டுறத ஒழுங்கா மாட்டு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மெஷினுக்குப் போனார்.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அடுத்த வருடம் விக்டோரியாவுக்கு ஏழாம் மாதம். காலைக் கீழே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெரால்ட் லீவு போட்டான். பர்மனென்ட்காரனுக்கு லீவு உண்டு. அவளுடைய பூப்போட்ட நைட்டியை மாட்டி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கடையில் பெண்கள் வரிசையில் போய் நின்றான். வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து முத்தம்மா அவன் முதுகைத் தொட்டாள்.

"விக்டோரியா, கொஞ்சம் முன்னால நவுந்து நில்லும்மா."

அவன் நகர்ந்து நின்றான்.