அப்பாவின் கால் மேற்கே

மரணத்தை முழுவதுமாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரே மனிதன் நான். வயது இருபது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் முன்வராததால் சொல்கிறேன். செத்தவர்கள் எழுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் எங்கள் கல்லூரிக் கலையரங்கில் பேசி இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினேன். முன்வரிசை முழுக்கச் செத்து எழுந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

எங்கள் ஊரில் ஈஸ்டர் விடியலில் கல்லறைகள் திறக்கும். கடை ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்கும். வீட்டார் துண்டும் பிளாஸ்கில் காப்பியுமாக நிற்பார்கள். எழுந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, சீனி பத்தவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடப்பார்.

இவையெல்லாம் விதிவிலக்குகள். விதி என் அப்பா. அவர் ஒரு ஈஸ்டருக்கும் வந்ததில்லை.

அம்மா மட்டும் வருஷம் தவறாமல் போவாள். அப்பாவின் தோல் செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கொண்டுபோவாள். கல்லறைக்குக் கிழக்கே வைப்பாள். வைப்பதற்கு முன் உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்ப்பாள்.

"என்னம்மா தேடுத?"

"கல்லு கிடந்தா அப்பாவுக்குக் குத்தும்லா."

"எலும்புக்குக் குத்தாதும்மா."

"வாய மூடுல."

இதை நான் ஹாஸ்டலில் நடித்துக் காட்டுவேன். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, செருப்புக்குள் விரலைவிட்டு, கண்ணை மேலே செருகிக்கொள்வேன். வார்டன் சிரித்துச் சிரித்துப் புரையேறி ஒருமுறை மயங்கி விழுந்தார்.

இந்த வருஷம் அம்மாவால் போக முடியவில்லை. கட்டிலாகிக்கொண்டிருக்கிறாள். முதலில் பாதம் மரமானது. பிறகு முழங்கால். பெரிய வெள்ளியன்று இடுப்பைத் தாண்டிவிட்டது. டாக்டர் வந்து விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல தேக்கு. அடுத்த ஈஸ்டருக்குள்ள தலைமாடு வந்துரும்."

மருந்து எதுவும் எழுதவில்லை. வார்னிஷ் அடிக்கச் சொன்னார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரலில் லேசாகக் கிறீச்சென்றது.

"ஏல ஹட்சன். இந்தத் தடவ நீ போ. எனக்கு முகம் இருக்கும்போதே அவுகள ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

"செத்தவங்க எழும்ப மாட்டாங்கம்மா."

"சரில. செருப்ப எடுத்துட்டுப் போ."

போனேன். ஒரு கட்டிலோடு விவாதிப்பது என் தகுதிக்குக் குறைவு.

கல்லறைத் தோட்டம் தெருவின் மேற்குமுனையில் இருக்கிறது. நான் நடக்க நடக்கத் தெருமுனை பின்வாங்கியது. அதற்கும் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய இடம் ஏதோ இருந்தது போல. வழியில் அடுத்த வீட்டு ஏசுவடியான் மாமா சேர்ந்துகொண்டார். அவர் போன ஈஸ்டரில் எழுந்தவர். இந்த ஈஸ்டரில் அத்தை எழுவாள் என்று பிளாஸ்கோடு போய்க்கொண்டிருந்தார்.

"உன் பேச்ச கேட்டேம்ல. அருமை."

"நீங்க செத்து எழுந்தவரு மாமா. உங்களுக்கு அது ஒத்துவராதே."

"எனக்கு எதுக்குல ஒத்துவரணும்? நல்லா பேசுன. கைதட்டுனேன்." செருப்பைப் பார்த்தார். "உங்க அப்பாவுக்கா?"

"அம்மா குடுத்துவிட்டா. எங்கப்பாதான் எழும்புறதில்லையே."

"யாரு சொன்னா? வருஷா வருஷம் எழும்புதாரே. எல்லாரும் வீட்டுக்குப் போன பொறவு, கடைசியா."

நான் நின்றேன். தெருமுனையும் நின்றது.

"எங்க போறாரு?"

"மேக்க."

"ஏன்?"

"சவப்பெட்டியத் திருப்பி வச்சிட்டானுவல்லா. நம்மாளுகளுக்குக் கால் கிழக்க இருக்கணும். எழும்புனா நேரா சூரியனப் பாத்து வருவாங்க. உங்கப்பாவ அடக்கம் பண்ணுன அன்னிக்கு நல்ல மழை. தூக்குனவனுவ தோட்டத்துக் கேட்டுக்குள்ள பெட்டிய வளைக்கத் தெரியாம முன்னப் பின்ன மாத்தி இறக்கிட்டானுவ. அவரு மேக்க பாத்து எழும்புதாரு. மேக்கயே போயிருதாரு."

"திரும்பிப் பாக்க மாட்டாரா?"

"உங்கப்பா கோயில்பிள்ளை என்னைக்குல திரும்பிப் பாத்திருக்காரு?"

இது உண்மை. அப்பா குடையை மறந்தால் நனைந்தே போவார்.

"அப்புறம்?"

"சாயங்காலம் வரைக்கும் நடப்பாரு. ஒருத்தரும் இல்லன்னதும் அப்படியே பின்னாலயே நடந்துவந்து படுத்துக்கிடுவாரு."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்கம்மை கேக்கலியே."

"தோண்டித் திருப்பி வெச்சா?"

"தூங்குத மனுசனத் திருப்புனா முழிச்சிருவாரு. ஈஸ்டருக்கு முன்ன முழிக்கப் பிடாது."

இது என் விதிக்கு எதிரானது அல்ல என்று அவருக்கு விளக்கினேன். எழுந்து வீட்டுக்கு வராதவர் எழாதவரே. மாமா பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். முதல் கல்லறையின் ஷட்டர் ஏறியது. பிறகு வரிசையாக ஏறின. அத்தை எழுந்து, கைக்கு எட்டாத முதுகைச் சுவரில் உரசிக்கொண்டாள்.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று மாமாவைக் கேட்டாள்.

"தெரு நீண்டுபோச்சுட்டி."

காப்பியைக் குடித்தாள். சீனி பத்தவில்லை என்றாள். இருவரும் வீட்டைப் பார்த்துப் போனார்கள். அவள் ஒருமுறை திரும்பி என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. அப்பாவின் கல்லறை மட்டும் இன்னும் மூடியிருந்தது. நான் அம்மா நிற்கும் இடத்தில், கிழக்கே நின்றேன். அவள் நின்று நின்று அங்கே இரண்டு பாதங்களின் அளவுக்குத் தரை பள்ளமாகியிருந்தது. என் கால் அதற்குள் கொள்ளவில்லை.

எதையும் நம்பாமல்தான் மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே புல் இல்லை. கல்லறையடியிலிருந்து பைபாஸ் ரோடு வரை ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. நிறையப் பாதத் தடங்கள் இருந்தன. எல்லாம் மேற்கே பார்த்தே இருந்தன. வலது பெருவிரல் சற்று வெளியே விலகியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே எதுவும் நிற்பதில்லை.

செருப்பைக் கல்லறையின் மேற்கே வைத்தேன். முனை மேற்கே இருந்தது. போட்டுக்கொண்டு நேராகப் பைபாஸுக்குப் போய்விடுவார். எடுத்துத் திருப்பினேன். முனை கல்லறையைப் பார்த்து, அதற்கும் அப்பால் எங்கள் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது, காலை நுழைக்க வேண்டுமானால் அவர் ஒருமுறை திரும்பித்தான் ஆக வேண்டும். அம்மா வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கிளம்பும்போது தோள்வரை மரமாகியிருந்தது.

கீழே வைப்பதற்கு முன், சுற்றிலும் பார்த்தேன். கல்லூரிக்காரர்கள் யாரும் இல்லை.

இடது செருப்புக்குள் விரலைவிட்டுத் தடவினேன். ஒரு சின்னக் கல் கிடந்தது. எடுத்துப் போட்டேன்.

உள்ளே ஷட்டர் அசைந்தது.

வலது செருப்பையும் தடவினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.