நம்பர் எழுதின கல்

பாண்டியனுக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று நடுவட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவனும் அதை மறுத்ததில்லை. கூடலூரிலிருந்து பைக்காரா வரை மலைப்பாதையில் எந்த வளைவில் லாரி டயர் வெடித்தாலும், ஊர் சுற்ற வந்த கேரவன் காற்றிறங்கி நின்றாலும், பிக்கப்பில் கம்ப்ரசரையும் ஜாக்கியையும் ஏற்றிக்கொண்டு போய் நிற்பவன் அவன்தான். தடுப்புச் சுவரெல்லாம் தன் போன் நம்பரை எழுதி வைத்திருந்தான். வருஷத்துக்கு இரண்டு தரம் சுவருக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதையும் சேர்த்து அழித்துவிட்டுப் போவார்கள். அந்த எரிச்சலில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

மேட்டில் நிற்கிற லாரிக்கு டயர் கழற்றுமுன் பின்சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும். வண்டி நின்றதும் டிரைவர் கீழே இறங்கித் தேடுவது கல்லைத்தான். அந்தக் கல்லிலேயே நம்பர் இருந்தால்? பாண்டியன் நாற்பது கல் பொறுக்கினான். வெள்ளை பெயிண்ட் அடித்து, சிவப்பில் பெயரும் நம்பரும் எழுதி, வளைவுக்கு ஒன்றாக ரோட்டோரம் போட்டு வைத்தான். தொழில் பிய்த்துக்கொண்டு போனது.

மனைவி ரேணுகா மட்டும் கேட்டாள். "ஏனுங்க, கல்லை வெக்கறவன் போறப்ப எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போவானுங்களா?"

"போடாம என்ன? அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குதுல்ல."

சும்மா சொன்னான். டயர் மாட்டி முடித்ததும் டிரைவருக்கு வருகிற அவசரத்தைப் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறவன் அவன். வண்டி முன்னால் போய்விடும், கல் நடுரோட்டில் கிடக்கும். தான் வேலை பார்த்த இடத்தில் பாண்டியன் ஒழுங்காக எடுத்துப் போட்டுவிடுவான். மற்றவர்கள் விட்டுப்போனதை ஒருநாளும் தேடிப் போனதில்லை. தெரிந்தே சும்மா இருந்தான், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. பெண்குரல்.

"என்ன வண்டிங்க? முன் டயரா, பின் டயரா?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"அண்ணா, ஸ்கூட்டிங்க. ஊசிமலை தாண்டி விழுந்து கெடக்கறேன். கால அசைக்க முடியலீங்க. மூணு வண்டி நிக்காமப் போயிருச்சு. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்காங்க, போன் எடுக்கல. ரோட்டுல கெடந்த கல்லுல ஏறித்தான் விழுந்தேன். கல்லு மேலயே உங்க நம்பர் எழுதியிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

போகிற வழியெல்லாம் பனி. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அடிபட்டவள் யார், எவ்வளவு அடி என்றெல்லாம் அவன் நினைத்திருக்க வேண்டும். நினைத்தது கல்லைத்தான். போலீஸ், கேஸ், கோர்ட்டு. பெயரும் நம்பரும் அவன் கையாலேயே எழுதியது. வேறு சாட்சியே வேண்டாம்.

அவள் பெயர் ஜூடித். எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில், அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். இருபத்தாறு வயது. மண்திட்டில் சாய்ந்து கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பாண்டியனைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

பாண்டியன் அவளைத் தாண்டிப் போனான். நடுரோட்டில் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கினான். ஓரத்துக்குப் போய், கீழே பனியில் மங்கலாகத் தெரிந்த பச்சைக்குள் பலம் கொண்ட மட்டும் வீசினான். அது விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றான். அப்புறம்தான் திரும்பி வந்தான்.

"பயப்படாத அம்மணி, நான் வந்துட்டேன்ல."

நீட்டிய கை அதற்குள் கீழே இறங்கியிருந்தது.

பிக்கப்பிலிருந்த டயர்களை இறக்கிவிட்டு அவளைப் படுக்கவைத்தான். ஒரு ட்யூபில் லேசாகக் காற்றடித்து அடிபட்ட காலுக்கு அண்டக் கொடுத்தான். ஆஸ்பத்திரி வரை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் ஏட்டு விசாரிக்க வந்தபோது, ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பாண்டியனும் கட்டிலோரம் நின்றிருந்தான்.

"கல்லுல மோதினேன்னு சொல்ற. நான் போய்ப் பாத்தேனே, ரோட்டுல கல்லு எதுவும் இல்லியேம்மா?"

ஜூடித் பாண்டியனைப் பார்த்தாள். "இவருதான் வந்தாருங்க. இவரையே கேளுங்க."

ஒரே ஒரு வார்த்தை. பாண்டியன் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"செம பனிங்க சார். நான் கல்லு எதையும் பாக்கலீங்க."

அவன் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், சுவரில் எழுதியிருக்கிறது என்று சொல்லத் தயாராக வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. ஜூடித் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கவனக்குறைவாக ஓட்டி விழுந்ததாக ஏட்டு எழுதிக்கொண்டு போனார். ஜூடித்தின் அம்மா ஈவ்லின் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கர்த்தருதான் உங்கள அனுப்புனாரு தம்பி" என்று அழுதாள். அந்தக் கையால்தானே வீசினோம் என்று பாண்டியனுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை.

லாரி டிரைவர்கள் சேர்ந்து அவனுக்குச் சால்வை போட்டார்கள். போட்டோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. வீட்டில் ரேணுகா சால்வையை மடித்தபடி, "அந்தப் புள்ள எதுலீங்க மோதுச்சு?" என்றாள். "தெரியல" என்றான். அவள் சால்வையைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மறுநாள் விடியுமுன்னே பாண்டியன் எழுந்துபோய் மிச்சக் கற்களைப் பொறுக்கினான். முப்பத்திநாலுதான் கிடைத்தது.

ஜூடித்துக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடேற இனி ஆகாது என்று பிள்ளைக்காம்பரா வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பாண்டியன் காதுக்கும் அது வந்தது. ரோட்டிலிருந்து குனிந்து பார்க்கிறவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் காடு. ஆனால் அது தேயிலை. பறித்த செடிக்கே கொழுந்து பறிக்கிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்கள் கால் படாத இடம் அங்கே கிடையாது. மலையில் பிறந்தவனுக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணா, ஜூடித் பேசறேன். அம்மா இன்னிக்கு ஊசிமலைக்குக் கீழ கொழுந்து எடுத்தாங்க. செடிக்கு அடியில உங்க கல்லு கெடந்துச்சாம்."

கால் எப்படி இருக்கிறது என்றுதான் பாண்டியன் கேட்க நினைத்தான். "போலீசுல குடுத்துட்டியா அம்மணி?" என்றுதான் வந்தது.

"இல்லீங்க. அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல. உங்க பேரு இருக்குதுன்னு, தேடுவீங்கன்னு நெனச்சு, லைன் வீடு வரைக்கும் தலையில சொமந்துட்டு வந்திருக்காங்க. மண்ணெல்லாம் கழுவித் தொடச்சு வாசல்ல வெச்சிருக்காங்க. நீங்களே வந்து எடுத்துக்கங்க அண்ணா. கொண்டாந்து குடுக்க என்னால நடக்க முடியாதுல்லீங்களா."

அவள் வீட்டுக்கு நடுவட்டத்திலிருந்து பிக்கப்பில் இருபது நிமிஷம். பாண்டியன் இன்னும் போகவில்லை.